கிழக்கு வரிசைக்கு முறை வரவில்லை

பட்டறைத் தெருவில் கிழக்கு வரிசை வீடுகளுக்கு எங்கே போனாலும் முறை வராமல் போனதற்குக் காரணம் தார்ப்பாய் தைக்கிற காளியண்ணன் ஆட்டத்தின் நடுவில் எழுந்து போனதுதான் என்று ரோஷிணி கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள், கேட்காதவர்களிடமும் சொன்னாள், தெருவும் அதை அப்படியே நம்பியது, ஏனென்றால் ரோஷிணி பொய் சொல்லத் தெரியாத பெண், வாயில் வருவதைப் போட்டு உடைக்கிறவள், பன்னிரண்டாம் வகுப்பைப் பாதியில் விட்டதற்குக்கூட உடம்பு சரியில்லை, வீட்டில் கஷ்டம் என்றெல்லாம் இழுக்காமல் "உக்கார முடியல, அதான்" என்று ஹெட்மிஸ்ட்ரஸ் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வந்தவள்.

நாமக்கல்லை விட்டு வெளியே வருகிற ரோட்டில், லாரிகள் பிறந்து வளர்ந்து உடைந்து திரும்பப் பிறக்கிற தெரு அது. மேற்கு வரிசை முழுக்க ஷெட்டுகள்: பாடி கட்டுகிறவர்கள், டிங்கர், பெயிண்டர், காளியண்ணனின் தார்ப்பாய்க் கடை, ஷெட்டுகளுக்குப் பின்னாலேயே அவர்கள் வீடுகள். கிழக்கு வரிசை முழுக்க டிரைவர்களின் வீடுகள், ரோஷிணியின் வீடும் அதில்தான். நடுவில் பஞ்சர் கடைத் தகரத்தின் நிழலில் இரண்டு டயர்களைப் படுக்கப் போட்டு, அதன் மேல் ஏதோ ஒரு பழைய லாரியின் பின்கதவைக் கிடத்தி, வெல்டிங் சாக்பீஸால் ஆடு புலி ஆட்டத்துக்குக் கட்டம் போட்டிருந்தார்கள். அந்தத் தெருவில் கூழாங்கல்லுக்கும் புளியங்கொட்டைக்கும் வேலையில்லை. புலிக்கு வீல் நட்டு, ஆட்டுக்கு வாஷர்.

ஆட்டம் சின்னது. உச்சியிலிருந்து சரிந்து இறங்குகிற கோடுகள், குறுக்கே ஓடுகிற கோடுகள், கோடும் கோடும் சந்திக்கிற புள்ளியில்தான் காய் உட்காரும். ஒருவருக்கு மூன்று புலி, மற்றவருக்குப் பதினைந்து ஆடு. புலிகள் முதலிலிருந்தே பலகையில் இருக்கும். ஆடுகள் முறைக்கு ஒன்றாக இறங்கும். ஓர் ஆடு இறங்கினால் ஒரு புலி ஓர் அடி நகரும், பக்கத்தில் ஆடும் அதற்கு நேர் அடுத்த புள்ளி காலியாகவும் இருந்தால் தாண்டிக் குதித்து அந்த ஆட்டைத் தின்னும். கடைசி ஆடும் இறங்கி முடிகிற வரைக்கும் எந்த ஆடும் நின்ற இடத்தை விட்டு நகரக் கூடாது, புலி வாயைத் திறந்துகொண்டு எதிரில் வந்தாலும் நிற்க வேண்டியதுதான். ரோஷிணிக்கு இந்த ஒரு விதி மட்டும் வயிற்றெரிச்சல். எல்லாம் இறங்கிய பிறகுதான் ஆடுகளுக்குக் கால் முளைக்கும், அப்புறம் நகர்ந்து நகர்ந்து மூன்று புலிகளையும் அசைய இடமில்லாமல் அடைத்துவிட்டால் ஆட்டுக்காரர் ஜெயித்தார். இதோடு தெருவின் சொந்த வழக்கம் ஒன்றும் உண்டு: முடியாத ஆட்டத்தை யாரும் தொடக் கூடாது. ஆடுகிற இரண்டு பேரும் அவரவர் முறையில் அவரவர் காயைத் தொடலாம். மற்றவர்கள் பலகை மேல் டீ கிளாஸ்கூட வைக்க மாட்டார்கள்.

காளியண்ணன் புலி ஆடினால் தோற்றதே கிடையாது. வெட்டிய வாஷர்களைச் சட்டைப் பையில் போட்டுக் குலுக்கிக் குலுக்கிச் சத்தம் காட்டுவார், அந்தச் சத்தத்திலேயே எதிராளிக்குப் பாதி உயிர் போய்விடும். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரோஷிணிக்கு அது நடக்கவில்லை. பலகை ஒரு மூலையில் சரியாக உட்காராமல் தடக்கு தடக்கு என்றது, காய்கள் சரிந்தன, அவள் எரிச்சலில் கையில் கிடைத்ததை டயருக்கும் பலகைக்கும் நடுவில் செருகிவிட்டு ஆடினாள், வேகமாக ஆடினாள், அவர் யோசிப்பதற்குள் அவளே "ம், ம்" என்று தொடையைத் தட்டினாள். முழங்காலுக்குப் பக்கத்தில் குவித்து வைத்திருந்த வாஷர்கள் தீர்ந்ததும் ஓர் ஆட்டை ஒரு புள்ளி நகர்த்தி அடைத்தாள். அந்த ஆடு விட்டு வந்த இடம் ஒன்றுதான் மூன்று புலிகளுக்கும் மிச்சமிருந்த ஒரே பொந்து.

"ரெண்டு புலி அடைஞ்சாச்சு மாமா. மூணாவதுக்கு ஒரே ஒரு வழி. அதுல போனீங்கன்னா அடுத்த முறைல அதையும் அடைச்சுருவேன்."

காளியண்ணன் சட்டைப் பையைக் குலுக்கவில்லை. அந்த நேரம் பார்த்து மக்காச்சோள லோடோடு ஒரு லாரி வந்து நின்றது, மழை இருட்டிக்கொண்டு வந்தது, டிரைவர் கிழிந்த தார்ப்பாயைக் காட்டிக் கத்தினான். அவர் எழுந்தார்.

"நாளைக்கு நகத்தறேன் புள்ள."

"பயமா?"

"சோளம் நனைஞ்சா உங்கப்பனா குடுப்பான்?"

மறுநாள் காலையில் வந்து உட்கார்ந்தார். நட்டைத் தொட்டார், இழுத்தார், இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். "எந்திரிக்க மாட்டேங்குது" என்றார். ரோஷிணி சிரித்தாள். தெரு சிரித்தது. "நடிக்காதீங்க மாமா, தோத்தாத் தோத்தேன்னு சொல்லுங்க" என்றாள். அவர் நெற்றியில் வேர்வை வந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றைக்குத்தான் தண்ணி லாரி வந்தது. கிழக்கு வரிசைக் குடங்கள் முன்னால் இருந்தும் குழாய் அவற்றைத் தாண்டித் தாண்டி மேற்கு வரிசைக் குடங்களுக்கே போயிற்று. ரேஷன் கடையில் கிழக்கு வரிசைப் பெண்கள் விடிந்ததிலிருந்து நின்றார்கள், அவர்களுக்கு முன்னால் நின்றவர் வாங்கினார், பின்னால் நின்றவர் வாங்கினார், நடுவில் இவர்கள் தேய்ந்த படிக்கல் மாதிரி நின்றார்கள். சலூனில் நாற்காலி காலியாக இருந்தபோதுகூட கிழக்கு வரிசைக்காரர் எழுந்து அதை அடைவதற்குள் யாராவது உட்கார்ந்திருந்தார்கள். கிரிக்கெட்டில் கிழக்கு வரிசைப் பையன்கள் ஃபீல்டிங் செய்தார்கள், மறுநாளும் ஃபீல்டிங் செய்தார்கள், மேற்கு வரிசைப் பையன்கள் அடித்து அடித்துக் கை வலித்து "போதும்டா, நீங்க ஆடுங்க" என்று பேட்டை நீட்டினால் பந்து தொலைந்துபோகும். ரோஷிணியின் அப்பா அசாமில் ஒரு குடோன் வாசலில் லோடு இறக்க வரிசையில் நின்றார், தினமும் போனில் "முன்னாடி ஒரு வண்டிதான் சாமி இருக்குது" என்றார், தினமும் அந்த ஒரு வண்டி இருந்தது.

யாரும் ஜோசியம் பார்க்கவில்லை, கோயிலுக்கு வேண்டிக்கொள்ளவில்லை. ஆட்டத்தில் முறை காளியண்ணன் கையில் நிற்கிறது, அவர் நகர்த்தாதவரைக்கும் எதிர் வரிசைக்கு முறை வராது, இதில் என்ன ஆச்சரியம் என்று தெரு எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டு அதற்கேற்ற மாதிரி வாழப் பழகியது. வரிசை இருக்கிற இடங்களைக் கிழக்கு வரிசை கைவிட்டது. முண்டியடிக்கிற இடங்களில் மட்டும் அவர்களுக்குக் கிடைத்தது, அதனால் முண்டியடிப்பதில் கைதேர்ந்தார்கள், பஸ்ஸில் ஜன்னல் வழியாக ஏறினார்கள், கல்யாணப் பந்தியில் சாப்பிடுகிறவர் எழுவதற்கு முன்பே நாற்காலியின் பாதியில் உட்கார்ந்தார்கள், பேசும்போதுகூட மற்றவர் முடிக்கக் காத்திருந்தால் தங்கள் பேச்சு வராது என்று எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மேற்கு வரிசை அதற்கு நேரெதிராக மரியாதைக்காரர்களாக மாறியது, எதுவும் தங்களை விட்டுப் போகாது என்று தெரிந்தவர்களுக்கு மரியாதை சுலபம். அவர்களில் சிலர் காளியண்ணனுக்கு பரோட்டாவும் சால்னாவும் வாங்கிக் கொடுத்து, "அவசரமில்லீங் அண்ணா, நல்லா யோசிச்சு நகத்துங்க, வருசம் ஆனாலும் பரவால்ல" என்று முதுகைத் தடவினார்கள். அவர் பரோட்டாவைத் தொடவில்லை. ஆள் இல்லாத நேரத்தில் வந்து நட்டோடு மல்லுக்கட்டி, கட்டைவிரல் நகம் நீலமாகி, யாரோடும் பேசாமல் தார்ப்பாய்க்குள் தலையை விட்டுக்கொண்டு தைத்தார்.

மைதிலி, ரோஷிணி வீட்டுக்கு அடுத்த வீட்டு மருமகள், மாசம் தாண்டி மாசமாக வயிற்றைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தாள். ஆஸ்பத்திரியில் டோக்கன் அவள் எண்ணுக்கு வந்ததும் கரண்ட் போகும், வந்தால் அடுத்த எண்ணிலிருந்து தொடங்கும். பிள்ளையும் வெளியே வரவில்லை. உள்ளே இருந்தாலும் அதுவும் கிழக்கு வரிசைதானே. "காளியண்ணன் மாமா," என்று கடைக்கு முன்னால் நின்று இடுப்பில் கைவைத்துக் கத்துவாள், "உங்களுக்கு வெக்கமா இல்லீங்களா? இது பொறக்கறப்பவே மீசையோட பொறக்கப் போகுது!"

கோடி வீட்டில் டிரைவர் செங்கோடன் படுத்திருந்தார். நாற்பது வருஷம் லாரி ஓட்டிய மனுஷன், கல்லீரலும் கிட்னியும் போய், அந்த ஞாயிற்றுக்கிழமை வாயில் பால் ஊற்றிவிட்டு ஆட்களுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். திங்கட்கிழமை போகவில்லை. அடுத்த திங்கட்கிழமையும் போகவில்லை. சொல்லி அனுப்பி வந்த ஒறம்பரைச் சனம் சோறு தின்று சலித்துத் திரும்பிப் போனது. அவர் மனைவி பாவாயி மட்டும் தெருவில் யாரையும் திட்டாத ஒரே கிழக்கு வரிசைக்காரி. தினமும் காலையில் அவருடைய மூக்குக்கு முன்னால் விரலை வைத்துப் பார்ப்பாள், சூடாக இருக்கும், கஞ்சி வைக்கப் போவாள்.

ரோஷிணிக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, லைசன்ஸ். எல்.எல்.ஆர். வாங்கியாயிற்று, அப்பாவின் நண்பர் வண்டியில் ஓட்டிப் பழகியாயிற்று, பாக்கி டெஸ்ட் மட்டும்தான். முட்டைக் கம்பெனி ஒன்று புதிதாக வேன்கள் விடப் போகிறது, வேன்களுக்கு மேற்கு வரிசையில் அவள் வீட்டுக்கு நேர் எதிர் ஷெட்டிலேயே பாடி கட்டுகிறார்கள், கடைசி வேன் பெயிண்ட் காய்ந்து கிளம்புவதற்குள் லைசன்ஸோடு வந்தால் ஒரு சாவி உனக்கு என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அவள் டெஸ்ட் மைதானத்துக்குப் போனாள். பிரேக் இன்ஸ்பெக்டர் அவளுக்கு முந்தின ஆளைக் கூப்பிட்டார், பிறகு சாப்பிடப் போனார். மறுமுறை போனாள், அவளுக்கு முந்தின ஆள் கம்பத்தில் இடித்தான், அன்றைய டெஸ்ட் முடிந்தது. மறுமுறை மழை. மறுமுறை இன்ஸ்பெக்டர் அவள் பெயரை வாசிக்க வாயைத் திறந்தார், திறந்தபடியே தும்மினார், தும்மி முடித்ததும் அடுத்த பெயரை வாசித்தார். திரும்பி வந்து வாசலில் நின்றால் எதிரில் இன்னொரு வேனுக்குக் கூண்டு ஏறியிருக்கும், இன்னொரு வேனுக்கு வெள்ளை அடித்திருக்கும். உட்கார முடியாது, நிற்க முடியாது, சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டைச் சுற்றி நடப்பாள்.

"நான் தோத்துட்டேன்னு வெச்சுக்கங்க மாமா, விட்டுத் தொலைங்க" என்று ஒருநாள் கடைக்குள்ளேயே போய்க் கேட்டுவிட்டாள்.

காளியண்ணன் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தோக்கறதுக்கும் உன்ற முறை வரோணுமே புள்ள. என்ற முறையே என்ற கைக்கு வரல, நான் என்ன பண்ணட்டும்?"

"பொய்."

"சரி, பொய்."

கடைசி வேனுக்குப் பக்கவாட்டில் முட்டைப் படம் வரைய பெயிண்டர் ஏணி போட்ட அன்று மத்தியானம், வெயில் தகரத்தில் பொரிகிற நேரம், ரோஷிணி வீட்டிலிருந்து வெடித்துக்கொண்டு வந்தாள். வழக்கமாவது மண்ணாங்கட்டியாவது, பலகையைத் தூக்கி சாக்கடையில் போடுகிறேன் என்று கத்திக்கொண்டு வந்தாள். மைதிலி "போடு புள்ள" என்றாள். மேற்கு வரிசை ஆட்கள் "ஏய், ஏய்" என்று ஓடி வந்தார்கள். யாராவது கையைப் பிடிப்பதற்குள் காரியம் ஆகட்டும் என்று அவள் பலகையின் மூலையில் ஓங்கி ஓர் உதை விட்டாள்.

பலகை அசையவில்லை. ஒரு காய்கூடச் சரியவில்லை.

ரோஷிணி இன்னொரு காலைத் தூக்கியவள் அப்படியே நின்றாள். இந்தப் பலகை தடக்கு தடக்கு என்று இருக்குமே. சுண்டுவிரல் பட்டாலே சரியுமே. அவள் மண்ணில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, டயருக்கும் பலகைக்கும் நடுவில் பார்த்தாள். எழுந்திருக்க ரொம்ப நேரம் ஆயிற்று. எழுந்தபோது கையில் ஒரு வாஷர் இருந்தது, பின்னால் பலகை தடக் என்று ஒரு பக்கமாக உட்கார்ந்தது, காய்கள் மட்டும் நின்ற புள்ளியை விட்டு நகரவில்லை.

"மாமாவைக் கூப்பிடுங்க" என்றாள்.

காளியண்ணன் வந்தார். சட்டைப் பையில் அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கிடந்த வாஷர்களை அவள் கேட்டதும் எடுத்து வைத்தார். பையில் இருந்ததையும் பலகையில் இருந்ததையும் தெரு முழுக்கச் சேர்ந்து எண்ணியது. பதினான்கு.

"அப்ப எல்லா ஆடும் எறங்கல" என்றார் காளியண்ணன்.

"எறங்கல."

"எறங்காம நகத்திட்ட."

"நகத்திட்டேன். அது செல்லாது. செல்லாத முறை உங்களுக்கு எப்படி வரும்? அதான் நட்டு எந்திரிக்கல." அவள் குரல் முதல்முறையாகத் தணிந்தது. "நீங்க பொய் சொல்லல மாமா. நாந்தான் சொல்லிட்டுத் திரிஞ்சேன். முறை இத்தனை நாளும் என் கையிலதான் இருந்துருக்கு. கையில இருக்கறதையே ஆடாம வெச்சிருந்தா அடுத்த முறை எப்படி வரும்? உங்களாலதான்னு ஊரெல்லாம் சொன்னேன். தப்பு."

காளியண்ணன் நீல நகத்தைப் பார்த்தார். அவளைத் திட்டுவார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். "வெய்யி, முதல்ல" என்றார்.

வை, வை என்று கிழக்கு வரிசை கத்தியது, எல்லாரும் ஒரே நேரத்தில், பழக்கதோஷத்தில். மைதிலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வை என்றாள், ஃபீல்டிங் பையன்கள் வை என்றார்கள், ரோஷிணியின் அம்மா அசாமிலிருந்த அப்பாவுக்குப் போனைப் போட்டு உயர்த்திப் பிடித்துக்கொண்டாள். ரோஷிணி குனிந்தாள். அவள் மணிக்கட்டின் மேல் ஒரு கை வந்து விழுந்தது, எலும்பும் நரம்புமாக, கஞ்சி வாசனையோடு.

"வெக்காத சாமி" என்றாள் பாவாயி. "நீ வெச்சீன்னா அவருக்கு முறை வந்துரும்."

அதை யாரும் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் கத்தியிருக்க மாட்டார்கள், அல்லது கொஞ்சம் மெதுவாகக் கத்தியிருப்பார்கள்.

"ஆயா..."

"ஒரு வருசம். ஆறு மாசம். உனக்கென்ன, வயசு கெடக்குது, வண்டி எப்ப வேணா ஓட்டலாம். எனக்கு மூக்குக்கு முன்னால விரல வெச்சாச் சூடு இருக்கோணும். அவ்வளவுதான் கண்ணு நான் கேக்கறது."

கோடி வீட்டுக்குள்ளிருந்து, கயிற்றுக் கட்டிலிலிருந்து, வைக்கோல் உரசுகிற மாதிரி ஒரு குரல் வந்தது.

"ஏய் பாவாயி. வண்டியை ஸ்டார்ட்டிங்ல போட்டுட்டு இன்னும் எத்தனை நாளைக்குடி நிக்கறது? டீசல் தீந்து போச்சு. வெறும் இஞ்சின் ஓடுது."

"நீங்க வாய மூடிட்டுப் படுங்க!"

"நாப்பது வருசம் டோல்கேட்ல நின்னேன், செக்போஸ்ட்ல நின்னேன், லோடுக்கு நின்னேன். இதுக்குமா நிக்கோணும்? அந்தப் புள்ளைய வுடு."

பாவாயி கையை எடுக்கவில்லை. ரோஷிணி அந்தக் கையைப் பார்த்தாள். அவர் கஷ்டப்படுகிறார், அவருக்காகத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கை தானாகவே போயிருக்கும், தெருவும் தலையாட்டியிருக்கும், அவளுக்கும் பிறகு நன்றாகத் தூக்கம் வந்திருக்கும்.

"ஆயா, நான் தாத்தாவுக்காக வெக்கல" என்றாள். "மைதிலி அக்காவுக்காகக்கூட இல்ல. எனக்கு அந்த வண்டி வேணும். எதிர்ல வெள்ளையா நிக்குதே, அது. அதுக்காகத்தான் வெக்கறேன். வேற எது சொன்னாலும் பொய்."

பாவாயி அவள் முகத்தைப் பார்த்தாள், அந்த முகத்தில் எச்சில் துப்பப் போகிறவள் மாதிரிப் பார்த்தாள், பிறகு கையை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வீட்டை நோக்கி நடந்தாள், நடையா ஓட்டமா என்று சொல்ல முடியாத ஒரு வேகத்தில். அவள் வாசற்படி ஏறுகிற வரைக்கும் ரோஷிணி வாஷரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவள் வாழ்க்கையிலேயே யாருக்காகவாவது பொறுத்தாள் என்றால் அந்தக் கொஞ்ச நேரம்தான்.

பிறகு நகர்த்திய ஆட்டை எடுத்து அது கிளம்பிய புள்ளியிலேயே திரும்ப வைத்தாள். பொந்து அடைந்தது. அந்த ஆடு போய் நின்றிருந்த புள்ளி இப்போது காலி. அதில் பதினைந்தாவது ஆட்டை வைத்தாள். டிங் என்றது. மூன்று நட்டுகளுக்கும் எந்தப் பக்கமும் கோடு இல்லை. முதல் நாளே வைத்திருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும் ஆட்டம்.

"கட்டிட்ட புள்ள" என்றார் காளியண்ணன், நட்டைப் பிடித்துப் பார்த்தார், அது லேசாகக் கைக்கு வந்தது, அதை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே தார்ப்பாய்க் கடைக்குப் போய் ஒரு தட்டு பரோட்டா சொல்லி அனுப்பினார்.

மைதிலி "அய்யோ" என்று பஞ்சர் கடைத் தூணைப் பிடித்தாள். யாரோ ஆட்டோவுக்கு ஓடினார்கள், ஆட்டோ முதல் கை காட்டலிலேயே நின்றது. போனில் அப்பா "கேட்டு தொறந்துட்டான், கேட்டு தொறந்துட்டான்" என்று கத்தினார். சலூன்காரர் வாசலுக்கு வந்து "அடுத்து யாருங்க?" என்று கிழக்கு வரிசையைப் பார்த்துக் கேட்டார். எல்லா முறைகளும் ஒரே மத்தியானத்தில் வந்து இறங்கின. கோடி வீட்டிலிருந்து பாவாயியின் குரல் எழுந்தபோது, அதை எதிர்பார்த்திருந்தவர்கள்கூட ஒரு கணம் அது வேறு ஏதோ சத்தம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

செங்கோடனை எடுத்த அன்று காலையில்தான் ரோஷிணிக்கு டெஸ்ட். அவள் போனாள். பாடையைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தாண்டிப் போனாள், ஊர் பேசியது, பேசட்டும். இன்ஸ்பெக்டர் அவள் பெயரை முதலில் வாசித்தார். ஓட்டிக் காட்டினாள். வாங்கினாள்.

பாவாயி ஒன்று செய்தாள். காரியம் முடிந்த மறுநாள் பஞ்சர் கடைக்கு வந்து, ஆட்டம் முடிந்துவிட்டதால் யார் வேண்டுமானாலும் தொடலாம் என்றிருந்த பலகையிலிருந்து ஒரு வாஷரை, சரியாக அந்த ஒன்றை, எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள். ஷெட்டுகளில் ஆயிரம் வாஷர் கிடக்கிறது, வேறொன்றை வைத்து ஆடலாம்தான். பையன்கள் இரண்டு தடவை முயன்றார்கள், கடைசி ஆட்டை வைக்கிற நேரம் வந்ததும் எழுந்து போய்விட்டார்கள். பலகை தடக்கு தடக்கு என்று சும்மா கிடந்தது.

ரோஷிணி முட்டை வேன் ஓட்டுகிறாள். விடியும்போது பண்ணைக்குப் போய் ஏற்றிக்கொண்டு கடைகளுக்குப் போடுகிறாள், முட்டைக்காக மெதுவாக ஓட்ட வேண்டியிருக்கிறது, அது ஒன்றுதான் கஷ்டம். பாவாயி அவளோடு பேசுவதில்லை. வேன் தெருவுக்குள் வந்தால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். ரோஷிணியும் சமாதானம் சொல்லப் போகவில்லை, என்ன சொன்னாலும் அது பொய்யாகிவிடும் என்று பட்டது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் தெருமுனையில் பாவாயி ரோட்டின் நடுவில் நின்றாள், கையில் ரேஷன் பை. ரோஷிணி பிரேக்கை மிதித்தாள், பின்னால் முட்டைத் தட்டுகள் முனகின. பாவாயி நகரவில்லை. வைப்பரின் இரண்டு வீச்சுகளுக்கு நடுவில் அவள் முகம் தெரிந்து மறைந்து தெரிந்தது. பிறகு அவள் சுற்றி வந்து கதவைத் திறந்து, ஏறத் தெரியாமல் முழங்காலை ஊன்றி ஏறி, உட்கார்ந்தாள்.

"ரேசன் கடைல எறக்கி வுடு. எங்க வரிசைக்கு இன்னைக்குத்தான் போடறான்."

வண்டி கிளம்பியது. பள்ளத்தில் இறங்கி ஏறியபோது முந்தானை முடிச்சுக்குள் ஏதோ இரும்பு இருக்கை விளிம்பில் பட்டு டிங் என்றது. ரோஷிணியின் கண் ரோட்டை விட்டு அந்த முடிச்சுக்குப் போனது.

"ஆயா, அது..."

"முன்னால பாத்து ஓட்டு" என்றாள் பாவாயி, முடிச்சின் மேல் கையை வைத்துக்கொண்டு.